தூக்கிய கால்

இணையப் பக்கத்தில் படம் தானாக அசைவது தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வைத்திருந்த கோதண்டம், வழக்குப் போட்டு என் நிறுவனத்தை இழுத்து மூடவைத்தார். பார்ப்பவர் அழுத்தினால்தான் படம் அசையலாம் என்பது தீர்ப்பு.

எட்டு வருடம் கழித்து, வெளிநாட்டில் பேத்தி முதன்முதலாக நடப்பதை நேரலையில் பார்க்க அவர் திறந்தது நான் நிரல் எழுதிய பக்கம். என்னை அவருக்கு நினைவில்லை. மவுஸை அழுத்தினார். குழந்தை ஒரு காலைத் தூக்கி அப்படியே உறைந்தது. மறுபடி அழுத்தினார். கால் விரற்கடை அளவு இறங்கியது.

பக்கத்தின் அடியில் இருந்த உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டு என்னைப் பிடித்தார். "என்னம்மா, ஒவ்வொரு அசைவுக்கும் அழுத்தணுமா?"

"தீர்ப்பு அப்படித்தான் சார்."

"காப்புரிமையே என்னோடதும்மா."

"உங்களுக்கு மட்டும் விலக்குன்னு அதுல எழுதலியே."

அவர் அழுத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஃபோனை வைக்கவில்லை. அங்கே குழந்தை இந்நேரம் நடந்து, விழுந்து, தூங்கியும் போயிருக்கும். அவர் திரையில் அதன் கால் இன்னும் தரையைத் தொடவில்லை.