ஐஸ் வாளி

பனிமலைக்குப் புறப்பட இன்னும் பதினோரு நாட்கள் இருந்தன. குளிருக்குப் பழக வேண்டும் என்று அண்ணன் தினமும் வாளியில் ஐஸ் கொட்டுவான். இருவரும் கையை முக்குவோம். எனக்கு உடனே எலும்பு வலிக்கும், எடுத்துவிடுவேன்.

"அங்க வந்து உனக்குப் பல்லுதான் தந்தியடிக்கப் போகுது கயலு."

வலது கை வாளிக்குள் இருக்க, உறைந்த ஏரியைக் கடக்கும் வழியை இடது கையால் வரைபடத்தில் காட்டுவான். இன்று அந்த வலது கை சிவந்து, பிறகு வெளுத்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"போதும், எடுண்ணா."

அவன் எடுக்கவில்லை. நீருக்குள் கைவிட்டு அவன் விரலை நகத்தால் அழுத்தினேன். ஏரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். இன்னும் ஆழமாக அழுத்தினேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ணிடாத," என்றான். "ரெண்டு மாசமா இந்தக் கையில எதுவுமே தெரியல."