ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பு மலைப்பாம்பு குளிரில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட்; அதற்கு ஒரு பல்பும் ஒரு சூடேற்றும் விரிப்பும் போட்டி போட்டன.

"நான் சூரியன் மாதிரிங்க. மேலேருந்து சூடு கொடுப்பேன்," என்றது பல்பு.

"மேலே இருக்கிறவனுக்கு உங்க வயித்துக் குளிர் தெரியுமா? நான் உங்க அடியிலேயே கிடப்பேன்," என்றது சூடேற்றும் விரிப்பு.

"யாராவது ஒருத்தர் சீக்கிரம் செருகிக்கிட்டுச் சூடாகுங்கப்பா," என்று முனகியது பாம்பு.

"அவசரப்படாதீங்க ஐயா! எல்லாம் உங்க நன்மைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு, இரண்டும் விடிய விடியப் பேசின.

பாம்பின் முனகல் நின்றது. உடம்பு விறைத்தது.

பல்பு பூரித்துப்போனது. "பார்த்தியா, என் பேச்சைக் கண் இமைக்காமக் கேட்கிறாரு!"

"உன் பேச்சையா? என் பேச்சை!" என்றது விரிப்பு.