நாற்பத்தேழாம் நம்பர் தகரக் கதவு

கால்வாய்க் கரையில் ஒரு குடிசைக்குத் தகரக் கதவு இருந்தது. பக்கத்துக் குடிசைக்குச் சாக்குப் படுதா மட்டும்தான்.

ஒருநாள் சிவப்பு பெயின்ட் டப்பாவோடு அதிகாரி வந்தார். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்களாம். நம்பர் போட்ட குடிசைக்கு மட்டும் மாற்று வீடாம். தகரக் கதவில் 47 என்று எழுதினார். சாக்கைப் பார்த்து, "இதில் எங்கே எழுதுவது?" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

"அக்கா, இங்கேயும் ஒரு குடும்பம் இருக்குன்னு சொல்லுக்கா" என்று கெஞ்சியது படுதா.

லேசாகக் காற்றடித்தாலே தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிற கதவு அது. அன்றைக்குப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. தன் நம்பரையும் அழித்துவிட்டால்?

குடிசைகளை இடித்தார்கள். கதவின் வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. அங்கே ஏற்கெனவே மரக்கதவு இருந்ததால், தகரத்தை இடிபாட்டிலேயே விட்டுப் போனார்கள்.

படுதாவின் வீட்டுக்காரர்கள் அதை எடுத்துப்போய், பாலத்துக்குப் பக்கத்தில் கூரையாகப் போட்டார்கள். வாசலில் அதே சாக்கைத் தொங்கவிட்டார்கள்.

மழை வந்தது.

"உள்ளே ஒரு சொட்டுகூட விழலைக்கா. நல்லவேளை, நீ வந்தே" என்றது படுதா.

"அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றது கதவு.

"அதை விடுக்கா. உன் நம்பர் அழியாம இருக்கா?"

"இருக்கு. வானத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்கு."