அரிசியில் நான்கு கைகள்

நான்காவது கையை அவள் மடக்கி முடிக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

விரல் நுனியில் இன்னும் அரிசி ஒட்டியிருந்தது.

சுவர்க் கடிகாரம் ஒன்பது காட்டியது. வீட்டுக்காரம்மா பத்து மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். ஜெர்மன்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து அவள் பார்த்ததில்லை.

பிறகுதான் உறைத்தது. மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு. இந்த நாடே நேற்றுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறது. வந்தவாசியிலிருந்து பெட்டியில் வந்த கடிகாரத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஜினமதி மேசையைப் பார்த்தாள்.

சாப்பிடுகிற மேசைதான் பூசைக்கும். சுவரில் சாய்த்து வைத்த தீர்த்தங்கரர் படம். அதன் முன்னால் பச்சரிசியில், பளிச்சென்று, ஒரு சுவஸ்திகம். மேலே வைக்க வேண்டிய மூன்று குவியலும் பிறையும் இன்னும் வைக்கவில்லை. அவை இருந்தாலாவது சமணர் வீட்டுப் பூசை என்று சொல்லிப் பார்க்கலாம். இப்போது அது வெறும் நான்கு கை.

ஜெர்மனியில், பிரேமன் நகரத்தில். வீட்டுக்காரம்மா வாசலில் நிற்கும்போது.

"வேற என்ன வேணா பண்ணிக்கோ தாயே. அத மட்டும் இங்க போட்டுடாத, போலீசு வந்துடும்."

வந்த அன்றே அப்பாண்டைராஜ் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். கட்டினவன் பேச்சை அவள் எதில் கேட்டாள், இதில் கேட்பதற்கு? அவன் ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போகிற நாளாகப் பார்த்து, திரையை இழுத்து மூடிக்கொண்டு, ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஊரில் அது கல்யாணப் பத்திரிகையின் தலையில் இருக்கும். புது வீட்டு நிலையில் மஞ்சளாக இருக்கும். பாத்திரக் கடைப் பையில்கூட இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இங்கே அது அருங்காட்சியகத்தில் இருந்தது. மொழி வகுப்பிலிருந்து கூட்டிப்போனார்கள். எலும்பும் தோலுமாக நின்ற மனிதர்களின் படத்துக்குப் பக்கத்தில் பார்த்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கோபமும் வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் தன்பாட்டுக்குக் கிடந்ததை ஒருவன் கொடியில் ஏற்றிப் பன்னிரண்டே வருஷத்தில் நாசமாக்கிவிட்டுப் போனான். அவன் செய்ததற்கு அவள் எதற்குத் திரையை மூட வேண்டும்?

இன்று கோபப்பட நேரமில்லை. பயந்தாள்.

முப்பத்தொரு வீடு பார்த்து, முப்பதில் கையை விரித்த பிறகு கிடைத்த வீடு. அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். இன்று வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் நீட்டிப்புக் கையெழுத்து.

மணி மறுபடி அடித்தது.

கலைத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனாள். பாதிப் பூசையில் கலைக்க மனசு ஒப்பவில்லை. தாம்பாளத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வீட்டுக்காரம்மா கிறிஸ்டாவுக்கு எண்பது வயது இருக்கும். கோட்டைக் கழற்றி மாட்டினார். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார். ஜன்னலோரம் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் சுத்தம். சிரித்த முகத்தோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

ஜினமதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால் இந்த ஊரில் கேக் வைப்பார்கள். மேசையில் ஒரு தட்டு மூடியிருந்தால் கிறிஸ்டாவுக்கு வேறு என்ன தோன்றும்?

"அடடா, எனக்காகவா?" என்று ஆசையாகத் தட்டைத் தூக்கினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

ஜினமதி படித்த ஜெர்மன் அத்தனையும் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது. இது அது இல்லை. எங்கள் கோயில். பழசு. ரொம்பப் பழசு. ஒவ்வொரு கையாகத் தொட்டுக் காட்டினாள். செத்த பிறகு உயிர் போய்ப் பிறக்கிற நான்கு இடம். இது தேவர். இது மனிதர். இது விலங்கு.

நான்காவதில் தயங்கினாள்.

"இது?" என்றார் கிறிஸ்டா.

"நரகம்."

கிறிஸ்டா தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து அந்த ஒரு கையையே பார்த்தார்.

"எங்க அப்பா இத சட்டைக் கையில போட்டிருந்தாரு. யூதர்கள அடைச்சு வெச்ச முகாமுக்குக் காவல். கடைசிவரைக்கும் அதப் பத்தி வாயே திறக்கல. இந்த வீட்லதான் இருந்தாரு. தூக்கத்துலயே போயிட்டாரு, நிம்மதியா."

அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அங்க போனவங்க வெளிய வர முடியுமா?"

ஜினமதி கிண்ணத்திலிருந்து அரிசியை எடுத்தாள். நான்கு கைக்கும் மேலே மூன்று குவியல் வைத்தாள். அதற்கும் மேலே ஒரு பிறை, பிறவி முடிந்து முக்தி அடைந்தவர்கள் இருக்கும் இடம். இப்படி ஏறி இங்கே போக வேண்டும் என்று விரலால் காட்டினாள்.

"எவ்வளவு நாளாகும்?"

ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். வயசான மனுஷி. கையெழுத்தும் இன்னும் ஆகவில்லை. ஆனால் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நரகத்துல மட்டும் குறைஞ்சது பத்தாயிரம் வருஷம்," என்றாள். "ஆனா முடியும்."

கிறிஸ்டா தலையை ஆட்டினார். உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.

"அவர் போய் இருபத்தெட்டுதான் ஆகுது."

அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் ஜினமதிக்கு இருந்தது. பிடிக்கத் துணிவு வரவில்லை.

கிறிஸ்டா கைப்பையைத் திறந்து ஒப்பந்தத் தாளை எடுத்தார். மேசையில் இடம் தேடினார். அரிசியை ஒதுக்கிவிடலாம் என்று ஜினமதி கையை நீட்டினாள்.

கிறிஸ்டா அவள் கையைத் தடுத்தார். தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.