சூட்டி போன ஊர்கள்

ஸாஹிரா மைக்கைப் பொம்மையின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"சூட்டி, நீங்க இதுவரைக்கும் எந்தெந்த ஊரெல்லாம் சுத்திப் பாத்திருக்கீங்க?"

ஊர் ஊராகப் போய் வானொலியில் பயண நிகழ்ச்சி செய்கிறவள் அவள். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேசும் பொம்மை இருக்கிறது என்று யாரோ சொல்ல, கொழும்பிலிருந்து வந்திருந்தாள்.

பொம்மைக்குள் கையை விட்டிருந்த இராயப்பன் திகைத்துப்போனார். அருவியைப் பற்றிக் கேட்பாள், தேயிலையைப் பற்றிக் கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தார்.

ஆனால் பொம்மை யோசிக்கக் கூடாது. யோசித்தால் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கோயிலில் சூட்டியைப் பேசவைக்கிறவருக்கு அது தெரியும். வாயில் வந்ததைச் சொன்னார்.

"கொழும்புக்குப் போனேன்," என்றது சூட்டி கீச்சுக் குரலில். "பெரீய்ய கேட்டு. கேட்டுல காவலுக்கு ஒரு மாத்தையா. கும்பிட்டுக் கேட்டேன். மெஹே நே, இங்க இல்லன்னுட்டாரு."

மைதானத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சரின்னு களுத்துறைக்கு பஸ் ஏறினேன். அங்கயும் கேட்டு. அங்கயும் ஒரு மாத்தையா..."

"மெஹே நே!" என்று பிள்ளைகளே கத்தினார்கள்.

காலிக்கு பஸ். மெஹே நே! அநுராதபுரம். மெஹே நே!

வவுனியாவில் சூட்டி நாள் முழுக்க மழையில் நின்று தும்மியது. ஸாஹிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தோட்டத்தை விட்டு இராயப்பன் போயிருந்த ஊர்கள் அவ்வளவுதான். வேறு ஊர் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அத்தனை ஊரிலும் சிறை வாசலுக்கும் முகாம் வாசலுக்கும் சட்டைப் பையில் மகன் ரொபர்ட்டின் படத்தோடு போயிருந்தார். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்தவன். பத்து மாதத்துக்கு முன், தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மனைவி அருள்செல்வியிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தியதால் மகன் சொல்லிக்கொள்ளாமலே கத்தாருக்குப் போய்விட்டான் என்றார். அங்கே போன் பேச விடமாட்டார்களாம் என்றார். மாதம் ஒரு கடிதம் அவரே எழுதி, எழுத்து வாசிக்கத் தெரியாத அவளுக்கு அவரே வாசித்துக் காட்டினார். ஊர் ஊராய்ப் போனபோதெல்லாம் யூனியன் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வவுனியாவைச் சொல்லி முடித்துத் தலையை நிமிர்த்தியபோதுதான் அவளைக் கண்டார்.

பிள்ளைகளுக்குப் பின்னால், கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சூட்டியின் வாய் திறந்தபடி நின்றது.

ஸாஹிரா நன்றி சொல்லிவிட்டு அருவியைப் பதிவு செய்யக் கிளம்பினாள். அவளுடைய வேனுக்குப் பின்னால் பிள்ளைகள் "மெஹே நே, மெஹே நே" என்று கூவிக்கொண்டே ஓடினார்கள்.

மைதானம் வெறிச்சென்று ஆனது. அருள்செல்வி கிட்டே வந்தாள். கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. பொம்மையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சூட்டி, அடுத்த தடவ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. இதையும் கொண்டுபோய்க் காட்டுவோம்."

இடுப்பிலிருந்து எதையோ எடுத்துப் பொம்மையின் துணிக் கைகளுக்கு நடுவில் வைத்தாள்.

ரொபர்ட்டின் பாஸ்போர்ட். கடைக்காரர் அவனுடைய பையோடு கொடுத்தனுப்பியது. அவளுக்குத் தெரியாமல் கூரைத் தகரத்துக்கு அடியில் செருகிய நாளிலிருந்து இராயப்பன் அந்தப் பக்கம் கை வைத்ததில்லை.

சுற்றியிருந்த பொலித்தீன் அவளுடைய வியர்வையில் வெளுத்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோயிருந்தது.

எத்தனையாவது கடிதத்திலிருந்து அவளுக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.