ஒரே ஒரு த

என் நாற்காலியைக் காணோம்.

அல்வாலில் என் தங்கை மகள் ஸ்மிதாவின் பள்ளி ஆண்டு விழா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், வீட்டிலிருந்து யார் வருகிறார்களோ அவர்களுக்கு ஒரு சீட்டு எழுதி நாற்காலி முதுகில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

நான் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். மம்மி, டாடி, நானம்மா, தாத்தகாரு. எல்லாம் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும். தெலுங்கு எனக்கு இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது.

எனக்குச் சீட்டு இருக்காது என்று பாதி மனசு அப்போதே சொல்லிவிட்டது. இருந்தாலும் என்ன என்று எழுதியிருப்பாள்? இரண்டரை மாதமாக அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

தப்பு என்னுடையதுதான்.

என் தங்கை லலிதா இறந்துபோன மறுமாதம், திருச்சியில் வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன். அவள் கணவர் கிரிக்கு ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எட்டு வயசுப் பெண்ணை யார் பார்த்துக்கொள்வது?

ஸ்மிதாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும். எனக்கோ தெலுங்கு சுத்தம். 'சாலு' என்றால் போதும் என்பதே, அவள் தட்டில் ஐந்தாவது தோசை விழுந்த பிறகுதான் தெரிந்தது.

வந்த பத்தாம் நாள், வாசலில் நின்று தன் சிநேகிதியிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்.

"மா பெத்தம்மா."

எங்க பெத்த அம்மா! அடி என் தங்கமே! கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே சேமியா பாயசம் வைத்து, ஸ்மிதாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

நாகம்மா தமிழ்க்காரி, ரயில்வே குடும்பம். மூன்று தலைமுறையாக இந்த ஊர். சிரித்த சிரிப்பில் பாயசம் புடவையில் சிந்தியது.

"ஐயோ ராஜி, அது பெத்த இல்ல, பெத்த! தெலுங்குல பெரிசுன்னு அர்த்தம். பெரியம்மான்னு சொல்லுது பொண்ணு!"

எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. அவள் இரண்டாவதைச் சொன்னபோது 'த' கொஞ்சம் மெத்தென்று விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நான் பெரியம்மாதானே? அதில் என்ன குறைச்சல்? ஆனாலும் என் முகம் தொங்கிப்போனது. கையில் கிண்ணத்தோடு கதவருகில் நின்றிருந்த ஸ்மிதா அதைப் பார்த்துவிட்டாள்.

அதோடு அந்த வார்த்தை நின்றது. பசித்தாலும், பென்சில் வேண்டுமென்றாலும், வந்து என் புடவைத் தலைப்பை இழுப்பாள். கூப்பிட மாட்டாள்.

கடைசி வரிசையும் முடிந்தது. மேடையில் மைக்கைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போகலாம் என்று சுவர் ஓரமாக நகர்ந்தேன்.

முதல் வரிசையை மட்டும் நான் பார்க்கவில்லை. அங்கே பெரிய மனிதர்கள் உட்காருவார்கள் என்று விட்டிருந்தேன். அதன் ஓரத்து நாற்காலியில் ஒரு சீட்டு இருந்தது.

தமிழில்.

அந்த ஹாலிலேயே தமிழில் இருந்தது அது ஒன்றுதான். லலிதா சொல்லிக் கொடுத்த எழுத்து. 'ம்' தலையில் புள்ளி, நெற்றிப் பொட்டு மாதிரி பெரிதாக இருந்தது.

பெத்தம்மா.

சந்தோஷத்தில் சீட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பின்னாலேயே சந்தேகமும் வந்தது. ஒரு தடவை பாயசம் வைத்து ஏமாந்தவள் இல்லையா நான்?

தெலுங்கில் அந்த இரண்டு 'த'வுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. தெலுங்குப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வருகிறவள் ஸ்மிதா. தெலுங்கில் எழுதியிருந்தால் பெரியம்மா என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். தமிழில்தான் இருப்பது ஒரே ஒரு 'த'.

கிளி வேஷத்தில், ஒரு சிறகு கழன்று தொங்க, ஓடி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

கேட்கக் கூடாதுதான். வாய் சும்மா இருந்தால்தானே?

"கண்ணு, இது தெலுங்குப் பெத்தம்மாவா?"

ஸ்மிதா என் முகத்தையே பார்த்தாள். நாகம்மா வீட்டுக் கதவருகில் நின்று பார்த்த அதே பார்வை. பிறகு, நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, எனக்குத் தமிழில் பதில் சொன்னாள்.

"தமிழ்லதானே எழுதியிருக்கேன்?"