கீழ்த்தட்டு பாட்டில்

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை.

காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், மத்தியானம் ஆகியும் திருப்பித் தரவில்லை.

"பசிக்கும் அத்தை. குடுங்க."

"பவுடர் பால் கலந்து குடுத்துட்டேன். நீ போய்ப் படு."

"நான் எதுக்குப் படுக்கணும்? நல்லாத்தானே இருக்கேன்?"

அத்தை அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஆமாமா, நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த இழுப்பே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

ஓடிப்போய் சமையலறை சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒயின் பாட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. யாரும் தொட்ட மாதிரி இல்லை. அப்புறம் எப்படி?

அலுவலகத் தோழிக்குப் போன் போட்டாள். எதையும் மோந்து பார்த்தே எடை போடுவதால் அவளுக்கு மூக்கி என்று பெயர்.

"மூக்கி, மாட்டிக்கிட்டேன்டி."

"நம்ம கீழ்த்தட்டா?"

கீழ்த்தட்டு என்பது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த பொழுதுபோக்கு. கடையில் மேல்தட்டு பாட்டில்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அடியில் தூசியோடு கிடக்கும் மலிவான சிவப்பு ஒயினில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு பாட்டில் வாங்கிவந்து, போனில் பேசிக்கொண்டே ருசி பார்ப்பார்கள்.

"காஞ்ச பிளம் வாசனை வருதுல்ல?" என்பாள் மூக்கி.

"எனக்கு எங்க மாமாவோட பழைய பெல்ட்தான் வருது" என்பாள் இவள்.

பத்துக்கு ஒன்று தேறும். அது தேறுகிற அன்றைக்கு லாட்டரி விழுந்த சந்தோஷம்.

பாப்பா பிறந்த பிறகு இவள் விழுங்குவதில்லை. ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, வாஷ்பேசினில் துப்பிவிடுவாள். நேற்றும் அப்படித்தான்.

"துப்பிட்டா குடிச்ச கணக்கே இல்லடி. சொல்லிடேன்" என்றாள் மூக்கி.

"துப்பிட்டேன் அத்தைன்னு சொன்னா, என் மூஞ்சியிலதான் துப்புவாங்க."

"உன் வீட்டுக்காரர்?"

"நான் சொன்னா சிரிப்பாரு. அவங்கம்மா அழுதுக்கிட்டே சொன்னா சிரிப்பாரா?"

போனை வைத்தாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் அடங்கிய குரல் கேட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"போன்ல வேணாம்டா, நேர்ல சொல்றேன். நேத்து என் கண்ணால பாத்தேன். குழந்தையை அவகிட்ட குடுக்கவே பயமா இருக்கு. உடனே கிளம்பி வா."

கான்வென்ட்டில் சிஸ்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றாலே, செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்கிற பெண் அவள்.

கதவு திறந்தது. அத்தையின் இடுப்பில் பாப்பா, கையில் ஒரு பை.

"டாக்ஸிக்குச் சொல்லிட்டேன். கிளம்பு."

பைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய மாற்றுத்துணி, துண்டு, பல் விளக்கும் பிரஷ். பாப்பாவின் துணி ஒன்றுகூட இல்லை.

அவ்வளவுதான். உடைந்துபோனாள்.

"அத்தை, என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. பாப்பாவை விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

"அம்மா வீட்டுக்கா? ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடறேன். எத்தனை நாளா மறைக்கிறே? நேத்து வாஷ்பேசின்ல நீ ரத்தமா துப்பினதை நான் பாக்கலைன்னு நினைச்சியா? குழாயைத் திறந்து விட்டுட்டு, வாயைத் துடைச்சிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி போறே! எங்கக்காவும் இப்படித்தான் யார்கிட்டயும் சொல்லாம..."

அத்தையின் உதடு துடித்தது.

ஈறு வீங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த முகத்தைப் பார்த்தபிறகு அது வெளியே வரவில்லை.

"அது ரத்தம் இல்ல அத்தை. ஒயின்."

"என்னது?"

"மது. சும்மா ருசி பாத்துட்டுத் துப்பிடுவேன். பாப்பாவுக்குப் பால் குடுக்கறதால ஒரு சொட்டுகூட உள்ள விடறதில்ல."

அத்தை பையைக் கீழே வைத்தார். "என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலையே?"

"இல்ல அத்தை."

"குழந்தை தலைமேல கையை வச்சுச் சொல்லு. நிஜமாவே குடிதானா?"

கையைப் பாப்பாவின் தலைமேல் வைத்தாள். "சத்தியமா."

அடுத்து என்ன விழப்போகிறதோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விழுந்தது பாப்பாதான். அவள் கைகளுக்குள், கதகதவென்று.

அத்தை அதற்குள் போனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"டேய், பதறாம மெதுவா வாடா! கடவுள் புண்ணியத்துல உன் பொண்டாட்டிக்கு வெறும் குடிதான்டா!"